கரைக்கு மூணு நாள்

ஐஸ் ஏத்தும்போதே தெரியும் எனக்கு.
தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் ஒரு துண்டு தெறித்து
உதட்டுக்குள் போனது.
இடப்பக்கம், கீழே, கடைசிக்கு முந்தின பல்
நெற்றிப்பொட்டு வரைக்கும் ஒரு தூண்டிலை இழுத்தது.

"மார்த்தாண்டத்துல காட்டிட்டுப் போனா என்னவாம்?"
என்றாள் பெர்ணதெத்து.
விடிந்தால் போட்டு புறப்படும்.
"நாப்பது நாள்தானே, வந்து பாப்போம்" என்றேன்,
பல்லிடமும் ஒரு வார்த்தை கேட்காமல்.

ஆறாம் நாள், சூடாய்க் கட்டன் சாயா.
முன்பெல்லாம் சுருக்கென்று வந்து போகும்.
அன்று வந்தது பாய் விரித்துப் படுத்துக்கொண்டது.
சமையல்கார ததேயு கிராம்பு இடித்துத் தந்தான்.
மாத்திரையை ஈறோரம் ஒதுக்கி வைத்தேன்,
ஈறு வெந்து வெளுத்ததுதான் மிச்சம்.
படுத்தால் அடி கூடும்.
இஞ்சின் ஒரு அடி, தாடை ஒரு அடி.
இரவெல்லாம் அணியத்தில் உட்கார்ந்தே இருந்தேன்.

பத்தாம் நாள் ஒரு சுறா.
தட்டில் வாய் பிளந்து கிடந்தது.
ஒரு வரிசைப் பல், அதன் பின்னால் படுத்தபடி இன்னொரு வரிசை,
அதற்கும் பின்னால் முளைக்கக் காத்து இன்னொன்று.
ஒரு மீனைப் பார்த்துப் பொறாமைப்பட்டது
எனக்க ஆயுசில் அதுதான் முதல் தடவை.
நமக்குக் கடவுள் தந்தது இரண்டே தரம்.
முதல் தரத்தைப் பள்ளிக்கூட வாசல் மிட்டாய் கொண்டுபோனது.

பன்னிரண்டாம் நாள் வலி நின்றது.
சும்மா, தானாகவே.
சூரைக் குழம்பில் மூன்று தட்டுச் சோறு தின்றேன்.
உள்ளே நரம்பு செத்துப்போனதை
எப்படித் தெரியும் எனக்கு?
செத்தது கத்துமா?

பதினேழாம் நாள் கன்னம் உருண்டது.
மறுநாள் கழுத்துக்கு இறங்கியது.
வாய்க்குள் ஒரு விரல்தான் நுழைந்தது.
கஞ்சித் தண்ணீர் இறங்கவில்லை, எச்சிலும் இறங்கவில்லை.
சிராங்கு லியோன்சு டார்ச் அடித்துப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
பாதி நிறையாத அறையை ஒருதரம் எட்டிப் பார்த்தார்,
பிறகு சக்கரத்தைத் திருப்பினார்.
கரைக்கு மூணு நாள்.
பத்துப் பேருடைய டீசலும் பிள்ளைகளின் பீசும்
என் ஒற்றைப் பல்லைச் சுற்றி மௌனமாய் உட்கார்ந்திருந்தன.

ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில்
கழுத்தைக் கீறிக் குழாய் வைத்தார்கள்.
"இன்னும் ஒரு நாள் கழிஞ்சிருந்தா மூச்சு அடைச்சிருக்கும்"
என்றார் டாக்டர் மெர்லின் ஷீபா.
பிறகு கட்டிலோரம் நின்று அவர் சொன்னதெல்லாம்
எனக்குப் புயல் கூண்டாகத்தான் கேட்டது.
ஐஸ் பட்டுக் கூசினால் ஒண்ணாம் நம்பர்,
அந்த வாரமே போய்க் காட்டு.
சூடு பட்டு வலி தங்கினால் மூணு, மறுநாளே போ.
வலி தானாய் நின்றால் கூண்டு இறங்கியதாய் நினைக்காதே,
ஏழுக்கு ஏறியிருக்கிறது.
வீங்கிக் காய்ச்சல் கண்டு, வாய் திறக்காமல், விழுங்க முடியாமல் போனால்
பத்து.
அப்போது பல் டாக்டரைத் தேடாதே,
ராத்திரியானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடு.

கூண்டு ஏறினது தெரியாமல் போனவர்களின் படங்கள்
எங்கள் கரையில் வீட்டுக்கு வீடு தொங்குகின்றன.
அதனால் அவரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை நான்.

இந்தத் தரம் ஐஸுக்கு முன்னால் பல்.
மார்த்தாண்டம், பாலத்துக்குக் கீழே,
மாடியில் ஒரு சின்ன கிளினிக்.
பதினொரு பேர், பதினொரு டோக்கன்.
லியோன்சுக்கு எட்டு வருசமாய்ப் பல் தேய்த்தால் ரத்தம்.
"பிரஷ் கட்டி" என்று சமாதானம் சொல்லியே காலம் கழித்தவர்
இப்போது நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்க்கிறார்.
ததேயுவுக்கு இரண்டு ஓட்டை. அடைத்தால் போதுமாம்.
எனக்கு ஒரு பொந்து, நாக்கு அங்கேயே போய்ப் போய் நிற்கிறது.

கிளீட்டஸ் மட்டும் மேலே வரவில்லை.
போயிலை ஒதுக்கும் கன்னத்தில் அவனுக்கு
மீன் செதிள் அகலத்தில் ஒரு வெள்ளை.
சிரித்தபோது பார்த்தேன், கிறிஸ்மசுக்கு முன்னால்.
இப்போது ஈஸ்டரும் போய்விட்டது.

"எனக்குத்தான் வலியே இல்லையே, மக்கா" என்கிறான்,
பாலத்தில் போகும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு.

பன்னிரண்டாம் நாள் எனக்கும் இல்லை, என்றேன்.

மேலே அவன் நம்பரைக் கூப்பிடுகிறார்கள்.